அறநிலைய ஊழியரின் முதுமை

அறநிலையங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் நிலம் கொடுத்தவரின் பெயரை எழுதுகின்றனர். கட்டடம் எழுப்பியவரின் பெயரைக் கல்லில் பொறிக்கின்றனர். அந்தக் கட்டடத்தினுள் முப்பது ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்தவரும், கணக்கு எழுதியவரும், நோயாளியின் படுக்கையருகே விழித்திருந்தவரும் முதுமையெய்திய பின் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அவ்வரலாறுகளில் தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அரசுப் பணியில் இருந்தவர்க்குப் பென்ஷன் எனும் உபகாரச் சம்பளம் உண்டு. பெரிய வணிக நிறுவனத்தில் உழைத்தவர்க்கும் ஏதேனும் ஒரு வகையில் வைப்பு நிதி உண்டு. ஐந்தாறு பேரை மட்டும் வைத்துக்கொண்டு, நன்கொடையை நம்பி நாளோட்டும் ஒரு சிறு பள்ளிக்கோ அநாதை நிலையத்துக்கோ அவ்வாறு கொடுக்க வழி ஏது? நிர்வாகிகளுக்கு மனம் இருந்தாலும் கணக்கு இடங்கொடாது.

கணக்கு இடங்கொடாது என்று நாம் சொல்வது வெறும் பேச்சன்று. ஐந்து ஆசிரியர்களைக் கொண்ட பள்ளியொன்றில் ஒருவர் தொண்ணூறு வயதுவரை வாழலாம். இன்னொருவர் நாற்பதில் இறந்து, இளம் மனைவியையும் மூன்று குழந்தைகளையும் விட்டுச் செல்லலாம். எவருக்கு எது நேரும் என்று அந்தப் பள்ளி அறிய முடியாது. அறியாத ஒன்றுக்குச் சேமிக்கவும் முடியாது. ஆயிரம் ஆசிரியர்களைச் சேர்த்துப் பார்த்தாலோ ஆண்டுதோறும் எத்தனை பேர் இறப்பர், எத்தனை பேர் ஓய்வு பெறுவர் என்பது ஏறத்தாழ ஓர் ஒழுங்குக்குள் வந்துவிடுகிறது. ஆகவே சிறு நிறுவனங்கள் தம் ஊழியர்க்குச் செய்ய வேண்டிய கடமையைத் தனித்தனியே செய்ய இயலாது. கூடிச் செய்தால் இயலும். இந்த எளிய உண்மையை மனிதர் கண்டுகொண்ட கதையையும், கண்ட பின்னும் ஒருமுறை வழுக்கி விழுந்த கதையையும் ஈண்டு காண்போம்.

கதை ஸ்காட்லாந்தில் தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாட்டுத் திருச்சபையில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட போதகர்கள் இருந்தனர். சபை ஒன்றேயாயினும், ஒவ்வொரு போதகரின் ஊதியமும் அவரவர் ஊர்ப்பங்கின் நிலவருவாயிலிருந்துதான் வரவேண்டும். வீடும் அந்தப் பங்குக்கே உரியது. போதகர் இறந்தால் அவர் மனைவி ஆறு மாத ஊதியத்தைப் பெற்றுக்கொண்டு, அடுத்த போதகர் வருமுன் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். கணவனை இழந்த துயரத்தோடு குடியிருந்த வீட்டையும் இழந்து, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு உறவினர் வாசலில் போய் நிற்கும் நிலை. அவ்வப்போது உண்டியல் குலுக்கி உதவினர். அது எத்தனை நாளைக்கு?

எடின்பரோ நகரின் போதகர்கள் ராபர்ட் வாலஸும் அலெக்சாண்டர் வெப்ஸ்டரும் இதற்கு ஒரு நிலையான வழி தேட முற்பட்டனர். தம் கணக்கைச் சரிபார்க்க அந்நகரப் பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியர் காலின் மெக்லாரினின் உதவியை நாடினர். வெப்ஸ்டர் ஊர்ப்பங்குகள் அனைத்திலிருந்தும் விவரங்களைத் திரட்டினார். சபையில் ஏறத்தாழ 930 போதகர்கள் இருந்தனர். ஆண்டொன்றுக்குச் சராசரியாக 27 பேர் இறந்தனர். அவர்களுள் 18 பேர் மனைவியரை விட்டுச் சென்றனர் என்பது தெரிந்தது. எந்தப் போதகர் எப்போது இறப்பார் என்பதை இறைவனன்றி எவர் அறிவார்? ஆயினும் எத்தனை பேர் என்பதை ஏட்டில் எழுத முடிந்தது.

அவர்களுக்கு முன்பும் இத்தகைய முயற்சிகள் நடந்ததுண்டு. லண்டனின் மெர்சர்ஸ் கம்பெனி எனும் பழைய வணிகர் கழகம், 1699-ஆம் ஆண்டில், நூறு பவுன் செலுத்துவோரின் கைம்பெண்ணுக்கு ஆண்டுதோறும் 30 பவுன் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு ஒரு திட்டம் தொடங்கிற்று. கேட்போர் காதுக்கு இனிய திட்டம்தான். ஆனால் கைம்பெண்களின் தொகை ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போகும் என்பதை யாரும் சரிவரக் கணக்கிடவில்லை. முதலாண்டில் பதினெட்டுப் பேர் என்றால் அடுத்த ஆண்டில் முப்பத்தாறு. அதற்கடுத்த ஆண்டில் ஐம்பதைத் தாண்டும். புதிதாகச் சேர்வோரும் இறந்து விடுபடுவோரும் சமமாகும்வரை இந்த ஏற்றம் நிற்காது. அந்தச் சமநிலை வரப் பல பத்தாண்டுகள் ஆகும். மெர்சர்ஸ் கம்பெனி அதுவரை தாங்கவில்லை. 1745-இல் கொடுப்பதை நிறுத்திற்று.

ஸ்காட்லாந்துக்காரர்கள் அவ்வாறு செய்யவில்லை. வந்த பணத்தை வந்த ஆண்டிலேயே பகிர்ந்து கொடுத்துவிடாமல், முதலாகச் சேர்த்து, அம்முதலின் வருவாயையும் கொண்டு கொடுப்பதெனத் திட்டமிட்டனர். 1744-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அதற்குச் சட்டவடிவம் தந்தது. போதகர்களோடு பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் அதில் சேர்க்கப்பட்டனர். ஆண்டுச் சந்தா நான்கு தரங்களில் இருந்தது. 2 பவுன் 12 ஷில்லிங் 6 பென்ஸ் செலுத்துபவரின் மனைவிக்குப் பின்னாளில் ஆண்டுக்கு 10 பவுன். 6 பவுன் 11 ஷில்லிங் 3 பென்ஸ் செலுத்துபவரின் மனைவிக்கு 25 பவுன். 1765-ஆம் ஆண்டில் நிதியின் முதல் 58,348 பவுனாக இருக்கும் என்று முன்னரே கணித்துச் சொல்லியிருந்தனர். அந்த ஆண்டு வந்து கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது 58,347 பவுன் இருந்தது. ஒரே ஒரு பவுன் குறைவு! (1815-இல் தொடங்கப்பெற்ற ‘ஸ்காட்டிஷ் விடோஸ்’ எனும் காப்பீட்டு நிறுவனத்தோடு இந்நிதியைச் சிலர் குழப்பிக் கொள்கின்றனர். இரண்டும் வேறு.)

காப்பீடு குறித்தும் அதில் கலந்துள்ள வட்டி குறித்தும் மார்க்க அறிஞர்கள் ஆய்ந்துள்ள செய்திகள் நம் வாசகர் பலர் அறிந்தவையே. அவ்வாய்வு இக்கட்டுரையின் எல்லைக்குள் அடங்காது. இங்கு நாம் பார்ப்பது ஒன்றே: தனித்து நின்றால் தம் போதகரின் கைம்பெண்ணுக்கு வீடுகூடக் கொடுக்கவியலாத தொள்ளாயிரம் ஊர்ப்பங்குகள், ஒன்றாகச் சேர்ந்தபோது ஒரு சிறு கொடையும் கேளாமல் அவளைக் காத்தன. அந்தப் பத்துப் பவுனை அவள் பிச்சையாகப் பெறவில்லை. கணவன் கட்டிய பணத்தின் பயனாகப் பெற்றாள்.

இக்கருத்து கடல் கடந்தது. 1759-இல் பிலடெல்பியா நகரில், பிரெஸ்பிட்டேரியன் சபைப் போதகர்களின் கைம்பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவ ஒரு கழகம் பதிவு பெற்றது. அமெரிக்காவில் அது முதல் முயற்சி. ஆயினும் அந்நாட்டில் நாள்தோறும் பெருகிவந்த கல்லூரிகளுக்கு நெடுங்காலம் அந்த வழி தென்படவில்லை.

அந்நாளைய அமெரிக்கக் கல்லூரி என்றால் இன்று நாம் காணும் மாபெரும் பல்கலைக்கழகங்களை எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலானவை ஏதேனும் ஒரு கிறிஸ்தவ சபையினரால் தொடங்கப்பெற்று, சில நூறு மாணவர்களும் பத்துப் பதினைந்து ஆசிரியர்களுமாக, கடனும் நன்கொடையுமாக நடந்தவை. ஆசிரியர் ஓய்வு பெறுவதென்பதே அரிது. எழுபது வயதிலும் எழுபத்தைந்து வயதிலும் தடுமாறும் குரலில் பாடம் நடத்தினர். அவரை விலக்கினால் பட்டினி கிடப்பார். வைத்துக்கொண்டால் மாணவர் கல்வி கெடும். கல்லூரித் தலைவர்கள் இவ்விரண்டுக்கும் இடையே சிக்கித் தவித்தனர்.

அப்போதுதான் அந்த வழுக்கல் நிகழ்ந்தது. அதற்குக் காரணமானவரும் ஒரு ஸ்காட்லாந்துக்காரரே. ஆன்ட்ரூ கார்னெகி 1835-இல் டன்பர்ம்லின் எனும் ஊரில் ஒரு கைத்தறி நெசவாளிக்கு மகனாகப் பிறந்தவர். 1848-இல் பெற்றோருடன் அமெரிக்கா சென்று, எஃகுத் தொழிலில் எவரும் எட்டாத செல்வம் சேர்த்து, 1901-இல் தம் ஆலைகளை விற்றுவிட்டு, எஞ்சிய நாளெல்லாம் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர். தொழிலாளர்பால் அவர் நடந்துகொண்ட முறை வேறொரு கதை. 1892-இல் ஹோம்ஸ்டெட் ஆலையில் சிந்திய இரத்தத்தை வரலாறு மறக்கவில்லை. அவர் 1890-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர்களுள் ஒருவரானார். பேராசிரியர்கள் பெறும் ஊதியம் எத்துணைச் சிறியது என்பதை அங்குதான் அறிந்து திடுக்கிட்டார். தம் அலுவலக எழுத்தர்களே அதிகம் வாங்குகிறார்களே என்ற எண்ணம் அவரை விட்டு நீங்கவில்லை.

1905-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கார்னெகி 1 கோடி டாலர் மதிப்புள்ள கடன் பத்திரங்களைப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்திற்கென ஒதுக்கினார். அவை ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம், அதாவது 5 இலட்சம் டாலர் தரும். ‘கல்விப்பணி மேம்பாட்டுக்கான கார்னெகி அறக்கட்டளை’ நிறுவப்பட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் தலைவராயிருந்த ஹென்றி பிரிட்செட் அதன் முதல் தலைவரானார். 65 வயதெய்தி 15 ஆண்டுகள் பேராசிரியராக இருந்தவருக்கும், வயது எதுவாயினும் 25 ஆண்டுகள் பணியாற்றியவருக்கும் ஓய்வூதியம். ஆசிரியர் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. கல்லூரியும் கட்ட வேண்டியதில்லை. எல்லாம் இலவசம்.

இலவசம் என்றால் நிபந்தனை இல்லாமலா? சமயச் சபையொன்றின் ஆட்சிக்கு உட்பட்ட கல்லூரிக்கு இதில் இடமில்லை என்பது முதல் நிபந்தனை. கல்லூரி என்ற பெயருக்கு உரியதாவதற்குக் குறைந்தது ஆறு பேராசிரியர்களும் 2 இலட்சம் டாலருக்குக் குறையாத நிலைநிதியும் வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் நான்காண்டு பயின்றவரையே சேர்க்க வேண்டும் என்பன மற்றவை. பிற்காலத்தில் அமெரிக்கப் பள்ளிகள் அனைத்தையும் ஆட்டிப்படைத்த ‘கார்னெகி அலகு’ எனும் பாடநேர அளவு இந்த ஓய்வூதியத்தின் வால்பிடித்து வந்ததுதான். கல்வித்தரத்துக்கு இதனால் நன்மை உண்டாயிற்று என்போர் உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் முதற்பட்டியலில் இடம்பெற்ற கல்லூரிகள் சில பத்துகளே. எந்தக் கல்லூரிகளின் ஆசிரியர்கள் மிக வறியவர்களோ, அவை வாயிலுக்கு வெளியே நின்றன. கறுப்பின மக்களுக்கென நடந்த கல்லூரிகளில் பெரும்பாலானவை சபைகளால் நடத்தப்பட்டவை, நிலைநிதியும் அற்றவை. அவற்றின் ஆசிரியர்க்கு இந்தத் திட்டத்தால் என்ன பயன்?

வாயிலுக்கு அருகில் நின்றவை உள்ளே நுழைய வழி பார்த்தன. மெய்ன் மாநிலத்தின் போடின் கல்லூரி போன்றவை தம்மைத் தோற்றுவித்த சபைகளோடு கொண்டிருந்த முறையான பிணைப்பை அறுத்துக்கொண்டன. நூறாண்டு உறவு, வயதான பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக விடப்பட்டது. அந்த நிர்வாகிகளை நாம் எளிதில் பழித்துவிட முடியாது. தம் ஊழியரின் முதுமையை ஒரு தட்டிலும் நிறுவியவரின் நோக்கத்தை மறு தட்டிலும் வைத்து நிறுக்குமாறு ஒருவரைக் கட்டாயப்படுத்தினால் அவர் என்ன செய்வார்? அவ்வாறு கட்டாயப்படுத்தும் வல்லமை ஒரே கொடையாளியின் கையில் இருந்ததே இதில் நாம் கவனிக்க வேண்டியது.

பின்னர் கணக்கும் பொய்த்தது. 1908-இல் மாநிலப் பல்கலைக்கழகங்களையும் சேர்ப்பதற்காகக் கார்னெகி மேலும் 50 இலட்சம் டாலர் கொடுத்தார். கல்லூரிகள் பெருகின, ஆசிரியர்கள் பெருகினர், ஊதியங்கள் உயர்ந்தன, ஓய்வு பெற்றோரும் நீண்ட நாள் வாழ்ந்தனர். 5 இலட்சம் டாலர் வருவாய் கடலில் பெருங்காயம் கரைத்த கதையாயிற்று. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் எடின்பரோவின் போதகர்கள் அமர்ந்து போட்ட கணக்கை இந்த அறிஞர்கள் முதலில் போடவில்லை என்பதை என்னென்பது! 1909-இல் 25 ஆண்டுப் பணிக்கான ஓய்வூதியம் நீக்கப்பட்டது. அதை நம்பித் தம் எதிர்காலத்தை வகுத்திருந்த ஆசிரியர்கள் கொதித்தெழுந்தனர். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியரும் ‘சயன்ஸ்’ இதழின் ஆசிரியருமான மெக்கீன் கேட்டெல் இத்திட்டத்தை ஓயாது கண்டித்து எழுதினார். ஓய்வூதியத்தின் சாவி ஒருவர் கையில் இருந்தால் ஆசிரியனின் நாவும் அவர் கையில்தான் என்பது அவருடைய வாதத்தின் சாரம். 1915-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் தோன்றியபோது அது கையிலெடுத்த தொடக்கக்கால வழக்குகளுள் இதுவும் ஒன்று.

பிரிட்செட் தம் தவற்றை உணர்ந்தார். உணர்ந்ததை மறைக்கவும் இல்லை. அது அவரது பெருமை. 1915 நவம்பர் 17-க்கு முன் பணியில் சேர்ந்தவர்க்கே இலவச ஓய்வூதியம், அதுவும் குறைந்த அளவில், என வரம்பிடப்பட்டது. புதிதாக வருவோர்க்கு வேறு வழி காணப்பட்டது. 1918 மார்ச்சில், கார்னெகி கார்ப்பரேஷன் கொடுத்த 10 இலட்சம் டாலரைத் தொடக்க முதலாகக் கொண்டு, ஆசிரியர்களுக்கான காப்பீட்டு ஆண்டுத்தொகைச் சங்கம் நியூயார்க்கில் பதிவாயிற்று. டி.ஐ.ஏ.ஏ. என்ற சுருக்கப் பெயரோடு இன்றும் அது இயங்குகிறது.

இச்சங்கத்தின் அமைப்பைச் சிறிது நின்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஆசிரியர் தம் ஊதியத்தில் நூற்றுக்கு ஐந்து கட்டுவார். கல்லூரியும் அதே அளவு கட்டும். பத்துப் பேர் உள்ள கல்லூரியும் ஆயிரம் பேர் உள்ள பல்கலைக்கழகமும் ஒரே அலுவலகத்தின் கணக்கர்களையும் மரண அட்டவணைகளையும் முதலீட்டு அறிவையும் பயன்படுத்தின. எந்தச் சிறு கல்லூரியும் தனியே ஒரு கணக்கறிஞரை அமர்த்த வேண்டியதில்லை. ஒப்பந்தச் சீட்டு கல்லூரியின் பெயரில் இல்லை. ஆசிரியரின் பெயரில் இருந்தது. அவர் ஒரு கல்லூரியை விட்டு வேறொன்றுக்குப் போனாலும், நிர்வாகியோடு மனம் வேறுபட்டு வெளியேறினாலும், சேர்ந்த பணம் அவரோடு சென்றது. சபைக் கல்லூரி, சபை சாராக் கல்லூரி என்ற வேறுபாடும் ஒழிந்தது. கட்டுகிறவர் எவராயினும் பயன் பெறலாம். முன்பு ஒரு பெருஞ்செல்வர் 1 கோடி டாலர் கொடுத்தும் நிலைக்காதது, பின்பு பத்தில் ஒரு பங்கு முதலோடு, ஒவ்வொருவரும் சிறுகச் சிறுகக் கட்டியதால் நிலைத்தது. அங்கும் தொடக்கத்தில் ஆட்சி கார்னெகி கார்ப்பரேஷனிடமே இருந்தது. ஆசிரியர்கள் அதையும் கேள்வி கேட்டனர். 1938 அளவில் கார்ப்பரேஷன் தன் பங்குரிமையைத் தனி அறங்காவலர் குழுவிடம் ஒப்படைத்து விலகிக்கொண்டது.

ஆசிரியர்க்கு ஒரு வழி பிறந்தது. அநாதை நிலையத்துச் சமையற்காரிக்கு? சிறு மருத்துவமனையின் தாதிக்கு? 1913-இல் கிளீவ்லாந்து நகரத்து அறநிலையங்கள் ஒரே கூட்டமைப்பின் கீழ் நிதி திரட்டத் தொடங்கி, அம்முறை பல நகரங்களுக்கும் பரவிற்று. ஆனால் திரட்டிய நிதி பணிகளுக்குச் சென்றதேயன்றி ஊழியரின் முதுமைக்கு ஒதுக்கப்படவில்லை. 1935-இல் அமெரிக்க அரசு முதியோர் காப்புச் சட்டம் கொண்டுவந்தபோது அறநிலைய ஊழியர் அதிலிருந்து விலக்கப்பட்டனர். விலக்கு வேண்டியவர்கள் யார்? அறநிலையங்களை நடத்தியோரும் சபைகளின் தலைவர்களுமே. அச்சட்டத்தின் வரியை ஒருமுறை செலுத்த ஒப்பினால் தமக்குள்ள வரிவிலக்குரிமைக்கு ஊறு நேரும் என்று அவர்கள் அஞ்சினர். அவ்வச்சத்தின் விலையைச் சமையற்காரியும் தாதியும் கொடுத்தனர். அருள் செய்யவென்று எழுந்த நிறுவனம் தன் சொந்த ஊழியனிடத்தில் இவ்வாறு நடந்துகொள்வது அந்நாட்டில் மட்டும் நடப்பதன்று என்று மட்டும் சொல்லி அப்பால் செல்கிறோம்.

1945-இல் நகரக் கூட்டமைப்புகள் முன்னின்று, மருத்துவ, சமூக நல நிறுவனங்களின் ஊழியர்களுக்கென ஒரு தேசிய ஓய்வூதியச் சங்கத்தை அமைத்தன. ஆசிரியர் சங்கத்தின் அதே வழிதான். பின்னாளில் அது ‘மியூச்சுவல் ஆஃப் அமெரிக்கா’ எனப் பெயர் பெற்றது. 1950-இல் அறநிலையங்கள் விரும்பினால் அரசுத் திட்டத்தில் சேரலாம் எனச் சட்டம் திருந்தியது; அதற்கும் ஊழியருள் மூன்றில் இரு பங்கினர் இசைய வேண்டும். 1983-இல் திருத்தப்பட்ட சட்டமே, 1984 முதல், அவர்களனைவரையும் கட்டாயமாக உள்ளே கொணர்ந்தது. விலக்கப்பட்டதிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ அரை நூற்றாண்டு.

நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டின் வைப்பு நிதிச் சட்டம் இருபதும் அதற்கு மேற்பட்டும் ஊழியர் கொண்ட நிறுவனங்களையே தன் கட்டாய வரம்புக்குள் கொணர்ந்தது. ஓர் இமாமும் ஒரு மோதினாரும் உள்ள பள்ளிவாசலும், மூன்று உஸ்தாதுகள் உள்ள மத்ரசாவும் அந்த எண்ணுக்கு வெகு தொலைவில் இருந்தன. தமிழ்நாட்டில் 1981-இல் உலமாக்களுக்கான ஓய்வூதியத் திட்டம் அரசால் தொடங்கப்பெற்றது. 1993-இல் இமாம்களின் ஊதியம் பற்றிய வழக்கு உச்சநீதிமன்றத்தில் முடிவானபோது, பள்ளிவாசல்களிடம் பணம் இல்லை என்பதே எதிர்வாதங்களுள் ஒன்றாக எழுந்தது. ஒரு நிறுவனத்தின் நிதி நெருக்கடி குடிமகனின் அடிப்படை உரிமைக்கு மேற்பட்டதாகாது என்ற கருத்தில் நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளிற்று. ஊதியத் திட்டம் வகுக்கும் பொறுப்பைத் தனித்தனிப் பள்ளிவாசல்களிடம் விடாமல் வக்ஃபு வாரியங்களின் மீது சுமத்திற்று. எடின்பரோவின் போதகர்கள் தம் முதல் சந்தாவைக் கட்டத் தொடங்கி அப்போது 249 ஆண்டுகள் ஆகியிருந்தன.